உன் மேசையில் இரண்டு கணினிகள்

பள்ளிப் பதிவேட்டில் இறுதிவரை வசந்தாவாகவே இருந்து என்னைத் தோற்கடித்த என் இளவேனிலே!

திருமணத்தன்றே உன் பெயரைத் தமிழாக்கினேன். மேடைதோறும் "என் துணைவியார் இளவேனில்" என்று முழங்கினேன். நீ மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. ஊதியப் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும், என் சட்டைப் பையில் திணித்தனுப்பும் மளிகைச் சீட்டின் அடியிலும் கூட வசந்தா என்றே எழுதினாய். முப்பத்தோர் ஆண்டுகள் ஒரே வீட்டில் இரண்டு பெயரோடு வாழ்ந்த உன்னை, எந்தப் பெயரால் அழைத்தால் இப்போது திரும்பிப் பார்ப்பாய்?

நீ போய் ஏழு மாதங்கள் ஆயின. இந்த மடல் உன்னை வந்து சேராது என்பதை அறிவேன். ஆயினும் இதனை இதழுக்கே அனுப்புகிறேன். பலர் அறிய நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதனை உன்னிடம் சொல்வதுதான் முறை.

முதலில் வீட்டுச் செய்தி. எழிலன் வளைகுடா நாட்டு மசுக்கட்டிலிருந்து விடுப்பில் வந்தான். வந்த மூன்றாம் நாள் புதிய கணினி ஒன்றை வாங்கிவந்து, உன் கணினியை மேசையின் ஓரத்திற்குத் தள்ளிவிட்டு அதனை நடுவில் வைத்தான். உன்னுடையதில் ஓடுவது நீயே ஏற்றிவைத்த, எவரும் விலையின்றி எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயக்குதளம். அவன் கொணர்ந்ததில் ஓடுவது உலகமெங்கும் விலைக்கு விற்கும் இயக்குதளம். இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளவில்லை. முறைத்துக்கொண்டவர்கள் தந்தையும் மகனுமாகிய நாங்களே.

"அப்பா, அம்மைக்க கம்ப்யூட்டரு பழசாக்கும். அது ஆன் ஆகியதுக்குள்ள ஒரு சாயா குடிச்சு, டம்ளரையும் கழுவி வச்சிரலாம். நான் ஞாயித்துக்கெழம போறதுக்கு முன்ன கடைல குடுத்துக் களஞ்சிருவோம். மேசையில எடம் இல்ல பாருங்க."

"எதனைக் களைவது என்பதை நான் முடிவு செய்வேன்" என்றேன்.

"செரி. சனிக்கெழமைக்குள்ள சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான, ரெண்டையும் தட்டத் தெரியாது."

நாற்பது ஆண்டுகள் மேடையில் எதிராளிகளை வாயடைக்கச் செய்தவன் நான். ஆயினும் அந்த ஒரு தொடரிடம் தோற்றேன். அவன் சொன்னது உண்மை.

அந்த உண்மை அப்போது என் கழுத்தில் வந்து நின்றது. குலசேகரத்துப் படிப்பகத்தார் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். உரையைச் சிறுநூலாக அச்சிட வேண்டுமாம். முன்னதாகவே தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னார்கள். நானும் "அனுப்புவேன்" என்று வாக்களித்துவிட்டேன். வாக்களித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: என் உரைகளுக்கு இருந்த கை போய்விட்டது. வாய் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆகவே, எந்தக் கணினி என்பது எழிலனுக்கு இடம் பற்றிய சிக்கல். எனக்கோ, என் சொல்லை இனி நானே எழுதப்போகிறேனா, எழுதிக்கொடுக்க எவரையேனும் தேடி அலையப்போகிறேனா என்ற வினா.

புதிய கணினியில் தமிழ் எழுதும் வகையை எழிலன் காட்டினான். "அம்மா" என்று எழுத, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். திரையில் அம்மா வந்தது. எனக்குக் குருதி கொதித்தது. என் தாயை அழைக்க நான் ஆங்கில நெடுங்கணக்கின் வாயிலில் நின்று இசைவு கேட்க வேண்டுமா? பொங்கி எழுந்தேன். கோப்புகளை மாற்றுவது பற்றிக் கேட்க, புதிய கணினியையும் எடுத்துக்கொண்டு அவன் என்னை வெட்டூர்ணிமடத்துக் கணினிக் கடைக்கு அழைத்துச் சென்றபோதும் அந்தப் பொங்கல் அடங்கவில்லை. கடை நடுவில் நின்று முழங்கினேன். "மொழியை மாற்றான் எழுத்துக்கு அடகு வைக்கும் இந்தப் பொறியை இனி என் வாசற்படி ஏற்றமாட்டேன்!" என்றேன். கடைக்கு வந்திருந்த நால்வர் கூடினர். ஒருவர் கைதட்டினார்.

உன்னை டீச்சர் என்றே அழைக்கும் கடைக்காரி ஜெசிந்தாவை நீ அறிவாய். உன் கணினியின் நோய்நொடிக்கெல்லாம் அவளைத்தானே அழைப்பாய். அவள் நான் முடிக்கும்வரை ஒரு விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, முடிஞ்சா? ஒரு மடக்கு வெள்ளம் குடிங்க. நீங்க பேசினது எல்லாம் செரிதான். ஆனா அது மெசினுக்க குத்தம் இல்ல கேட்டியளா. உங்க மவன் அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி வச்சிருக்கான். டீச்சர் அடிக்கப்பட்ட அந்தத் தமிழ்99 இதுலயும் உண்டு. இன்னா பாருங்க."

நான்கு முறை சொடுக்கினாள். நீ விசைகளின்மேல் எழுத்துத் தாள் ஒட்டிப் பழகிய அதே விசைப்பலகை, இடப்பக்கம் உயிரும் வலப்பக்கம் மெய்யுமாகப் புதிய கணினியிலும் வந்து நின்றது. கைதட்டியவர் ஓசைப்படாமல் வெளியேறினார்.

"டீச்சர் சொல்லுவாவ, எங்க வீட்டுக்காரரு மொதல்ல கைதட்டு வாங்கிருவாரு, பொறவுதான் சங்கதி என்னன்னு கேப்பாருன்னு" என்றாள் ஜெசிந்தா. எழிலன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

நாங்கள் மேடைக்காரர்கள். எங்களுக்கென்றே உள்ள பிழை இது. பகைவன் யார் என்று பார்ப்பதற்கு முன்பே வாளை உருவிவிடுவோம். உருவிய வாளை உறைக்குள் போடக் கூசுவோம். அன்று கூசாமல் போட்டேன். மொழிக்காக உன் கணினியைக் காக்கிறேன் என்ற பெரும் வழக்கு, நான்கு சொடுக்கில் தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்ததும் எழிலன் இன்னொரு வழி காட்டினான். "தட்டவே வேண்டாம்ப்பா. இதுக்கு முன்னால இருந்து நீங்க பேசுங்க, அதுவே எழுதிக்கிடும்."

மூன்று தொடர்கள் பேசினேன். திரையில் மூன்று தொடர்கள் வந்தன. ஓரிரு இடங்களைத் தவிர எல்லாம் சரியாகவே இருந்தன. நான் அதிர்ந்தேன். பிழையாக எழுதியிருந்தால் எள்ளி நகையாடிவிட்டுப் போயிருப்பேன். சரியாக எழுதியதுதான் என்னை உலுக்கியது.

ஏனெனில், வசந்தா, அந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையே நான் நடந்து நடந்து முழங்குவேன். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாய். விரலில் சுண்ணக்கட்டித் தூள் இருக்கும். முகம் கழுவக்கூட விடாமல் உன்னை அமர்த்துவேன். நீ தட்டுவாய். "ஒரு நிமிசம் நில்லுங்க. இந்த வாக்கியம் எங்க தொடங்கிச்சுன்னு உங்களுக்கு ஓர்ம இருக்கா?" என்று கேட்பாய். எனக்கு நினைவு இருக்காது. நீ மேலே போய்ப் பார்த்து அதனை மூன்றாக வெட்டுவாய். மறுநாள் மேடையில் அந்த மூன்றுக்கும் கைதட்டல் விழும்.

ஒருநாள் நீ கேட்டாய்: "மேடையில விடுதல விடுதலன்னு தொண்ட கிழியப் பேசுதியோ. வீட்டுல ஒரு எழுத்து தட்டணும்னா நான் வரணும். இது என்ன விடுதலயாக்கும்?"

நான் அதற்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்று வெட்கப்படுகிறேன். எழிலன் காட்டிய அந்தக் கருவி எனக்குத் தந்தது என்ன? இன்னொரு வசந்தாவை. களைக்காத, கேள்வி கேட்காத, முகம் கழுவ எழுந்து போகாத ஒரு வசந்தாவை. கையற்றோருக்கும் கண்ணற்றோருக்கும் அது அருமருந்து. அவர்களுக்காக அதனை வாழ்த்துகிறேன். எனக்குக் கை இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அதனை மேடையில் நீட்டி முழங்க மட்டுமே பயன்படுத்தினேன். "வேண்டாம், அணைத்துவிடு" என்றேன்.

இன்னொரு கடனையும் இங்கே பலர் முன்னிலையில் தீர்த்துவிடுகிறேன். கோடை விடுமுறை ஒன்றில் அந்தக் கட்டற்ற இயக்குதளத்தை நீயே ஏற்றினாய். கணக்கு ஆசிரியைக்கு இது எதற்கு என்று கேட்டேன். "நம்ம வீட்டுல கெடக்கப்பட்ட பெட்டிக்குத் தாக்கோலு நம்ம கைலதான் இருக்கணும்" என்றாய். அந்தத் தாக்கோலைத் திறவுகோல் என்று மாற்றி, முன்னும் பின்னும் உவமை சேர்த்து, ஒரு மணிநேர உரையாக்கினேன். இனயம் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை எனக்கு வந்தது. அந்த வரி யாருடையது என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது உன்னுடையது. இதழ் படிப்போரே, அது பார்வதிபுரத்து வசந்தாவினுடையது!

இனி வழக்குக்கு வருவோம். மொழி என்ற வாதம் வீழ்ந்தது. விரைவு என்று பார்த்தால் புதியது காற்று. உன்னுடையது ஏற்றத்தில் திணறும் மாட்டு வண்டி. படம் தெளிவு என்றால் அதிலும் புதியதே. காணொளி அழைப்பில் பேத்தியின் முகம் புதியதில் முழுமதியாகத் தெரிகிறது. உன்னுடையதில் அவள் பேசி முடித்த பிறகு வாய் அசைகிறது. எதனை வைத்து நான் உன் பக்கம் நிற்பேன்? உன் நினைவு என்ற ஒன்றை மட்டும் வைத்தா? அப்படி நின்றால் நீயே என்னை ஏளனம் செய்திருப்பாய். பழையது என்பதற்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவோரை உனக்குப் பிடிக்காது. உன் தையல் பொறியை நீ ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்ததை நான் பார்த்தவன்.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். உன் கணினியிலிருந்து என் உரைகளைப் படியெடுக்க வந்தவள், எழுதும் செயலியின் "பற்றி" என்ற பகுதியைத் திறந்தாள். தமிழாக்கியோர் என்று ஒரு பட்டியல். நடுவில் ஒரு பெயர்: வசந்தா.

"டீச்சர் உங்ககிட்ட சொல்லலியா அண்ணாச்சி? எட்டு வருசமா செய்தாவளே. இந்த மெனுவுல நீங்க வாசிக்கப்பட்ட பாதிச் சொல்லு அவியது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா அன்னைக்கே பொதுக்கூட்டம் போட்டிருவாருன்னு சொன்னாவ."

சேமி. திற. ஒட்டு. தேடு. என் உரைகளைத் தட்டி முடித்து, நான் நண்பர்களோடு வம்பளக்கப் போன பிறகு, நீ உன் சொற்களைத் தட்டியிருக்கிறாய். ஊர் பேர் தெரியாத எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் நாள்தோறும் உன் சொல்லைத் தொடுகிறார்கள். தனித்தமிழ் முழங்கியவன் நான், செய்தவள் நீ. அதனைக் கூட ஒலிபெருக்கி வைக்காமல் செய்தாய். என்மீது சினமா உனக்கு? இல்லை, என்னிடமிருந்து ஒன்றையாவது காப்பாற்றி வைத்துக்கொள்ள விரும்பினாயா?

ஜெசிந்தா அந்தப் பணி நடக்கும் பக்கத்தையும் காட்டினாள். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் தமிழ். வரிசை வரிசையாக உன் சொற்கள். பிறகு ஓரிடத்தில் வலப்பக்கம் வெறுமையாகிறது. அந்த வெறுமை கீழே நெடுந்தொலைவு ஓடுகிறது.

"இதனை யார் நிரப்புவார்கள்?"

"யாரு வேணும்னாலும் நெரப்பலாம். நீங்களும் நெரப்பலாம். அதுதானே டீச்சருக்கு இது பிடிச்சது."

என் வழக்குக்குத் தேவையான சான்று அப்போதுதான் கிடைத்தது. புதிய கணினியிலும் தமிழ் இருக்கிறது, நல்ல தமிழ்தான். ஆனால் அங்கே எழுதி முடித்துத் தந்ததை நான் படிக்கலாம், அவ்வளவே. இங்கே நான் உள்ளே போகலாம். தவறென்றால் திருத்தலாம், இல்லையென்றால் இடலாம். விருந்தாளியாக அமர்வதற்கும் அடுக்களைக்குள் போய் அடுப்பு மூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. எனக்கு இனி விருந்து வேண்டாம்.

சனிக்கிழமை எழிலனிடம் சொன்னேன். "புதியதை நீ எடுத்துச் செல். உன் அம்மையின் கணினி இங்கேயே இருக்கும்."

அவன் முகம் சுருங்கியது. "நான் ஆசப்பட்டு வாங்கினதுப்பா. நீங்க அம்மையக் களைய மாட்டேன்னு சொல்லுங்க, அது எனக்கு மனசிலாவும். சும்ம கம்ப்யூட்டரு மேல சாத்தாதிங்க."

"இல்லை மக்கா. உன் அம்மை இருந்தவரை நான் தட்டவில்லை. இனி நானே தட்டப்போகிறேன்."

"நீங்களா?" என்றான். "செரி, ஒரு வரி தட்டுங்க. நான் இன்னா இருக்கேன். தட்டிட்டா நான் ஒண்ணும் பேசல."

அமர்ந்தேன். தாளில் நீ எழுதி ஒட்டிய எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. ஒரு மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே வந்து அமரும் என்பதை அன்றுதான் அறிந்தேன். குழந்தைபோல் நான்கு முறை தட்டிப் பார்த்தேன். ஒரு வரிக்குப் பதினொரு நிமிடங்கள் ஆயின. எழிலன் எழுந்து போகவில்லை, உதவவும் இல்லை. ஒருமுறை என் விரல் தவறான விசைக்குப் போனபோது "அங்கன இல்லப்பா" என்று வாயெடுத்தவன், தன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

வரியைப் படித்தான். "உன் அன்பை மறுக்கவில்லை, உன் பரிசை மட்டுமே மறுக்கிறேன்." "மேடப் பேச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதிய கணினியைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினான். ஞாயிறன்று திருவனந்தபுரத்து வண்டியில் ஏறும்போது கைகாட்டினான், சிரிக்கவில்லை. போய்ச் சேர்ந்த செய்தியை உன் மருமகள்தான் சொன்னாள். அவன் இன்னும் என்னை அழைக்கவில்லை. அந்த வலி எனக்கு உண்டு. ஆனால் முடிவை மாற்றமாட்டேன்.

"வயதுக்காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே விடை சொல்கிறேன். அறுபத்துநான்கு வயதில் ஒருவன் முதன்முதலாகத் தன் கையால் தட்டி எழுதுவது உங்களுக்கு நகைப்பாக இருந்தால், நகைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பேச்சுக்கு நான் அஞ்சியதில்லை. இப்போது என் விரல்களுக்கும் அஞ்சப்போவதில்லை.

குலசேகரத்து உரையைப் பதினாறு நாட்கள் தட்டினேன். இரண்டே பக்கம் வந்தது. வசந்தா, ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டும்போது, வேண்டாத அடைமொழி ஒன்றுகூட வர மறுக்கிறது. "வானளாவிய" என்று தொடங்கி, நான்காம் எழுத்தில் களைத்து, "பெரிய" என்று போட்டேன். நீ வெட்டிய இடங்கள் எவை என்று இப்போது தெரிகிறது.

விழாவில் மழை. பேச்சிப்பாறைப் பக்கம் நல்ல கொட்டு. கூட்டம் அரங்குக்குள் நெருங்கி அமர்ந்திருந்தது. ஒன்பது நிமிடத்தில் படித்து முடித்தேன். படிப்பகத் தலைவர் திகைத்துப்போய் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "அவ்வளவுதானா அண்ணாச்சி? சாயா இன்னும் கொதிக்கவே இல்ல."

"அவ்வளவுதான்" என்றேன்.

கைதட்டல் குறைவாகவே வந்தது. உண்மையைச் சொன்னால், நான் அதுவரை வாங்கியவற்றுள் மிகச் சிறியது அதுவே. அதற்காக நான் தலை குனியவில்லை. அதில் எந்தப் பங்கும் இன்னொருவரிடமிருந்து எடுத்ததன்று.

இப்போது உன் வரிசையில், நீ நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். முதல் வெற்றிடத்தை "அச்சிடுவதற்கு முன் பார்வையிடுக" என்று நிரப்பி அனுப்பினேன். முகம் அறியாத ஒருவர், மட்டக்களப்பிலிருந்து சரிபார்ப்பவராம், ஒரே வரியில் திருப்பினார்: "பொத்தானில் இடமில்லை ஐயா. சுருக்குங்கள்." என்னை, என் தொடரைச் சுருக்கச் சொல்கிறார்! இலக்கண முறையில் ஒரு மறுப்புரை தட்டத் தொடங்கினேன். அரைப் பக்கம் தட்டுவதற்குள் அவர் சொன்னது சரியென்று பட்டுவிட்டது. எனினும் தோற்றதாக ஒப்பமாட்டேன்.

நீ இருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பாய். அந்தச் சொல் எது என்று ஜெசிந்தாவிடம் கேட்கமாட்டேன், எழிலனிடமும் கேட்கமாட்டேன். நாளை ஒரு சொல்லோடு போவேன். திருப்பினால் மறுநாள் வேறொன்றோடு போவேன். உன் பெயருக்குக் கீழே என் பெயர் வரும்வரை போவேன். வந்த பிறகும் போவேன். கீழே வெற்றிடங்கள் நிறைய உள்ளன. நீ அமர்ந்த இடத்தில் இனி எந்தக் கருவியையும் எந்தப் பெண்ணையும் எனக்காக அமர்த்தமாட்டேன். அங்கே நான் அமர்வேன். இது என் உறுதி.

இந்த மடலைத் தட்டி முடிக்க எனக்கு இருபத்திரண்டு நாட்கள் ஆயின. பிழைகள் இருக்கும். அவை அனைத்தும் என்னுடையவை.

உன் வீட்டுக்காரன்,
எழிலனின் அப்பா,
பார்வதிபுரம்.